யாழ் முத்திரைப் போத்தலும் கிழக்கு வெயிலும்: வாசகர் கேள்வி பதில்

லாகர் பியரை (குளிரில் நொதிக்கவைத்து, குளிரிலேயே ஆறவிடும் பியர்) சுவைத்து மதிப்பிடுவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில். 21 வயது நிரம்பாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

லண்டனிலிருந்து வந்த மச்சான் அயர்லாந்தின் ‘ஹார்ப்’ (யாழ்) லாகர் ஆறு போத்தல் கொண்டுவந்தார். இரண்டைத் திறந்தோம். ஒருவர் ‘சப்பென்று கிடக்கு’ என்கிறார், மற்றவர் ‘நல்ல சாமான்’ என்கிறார். யார் சொல்வது சரி? முறையாக மதிப்பிடுவது எப்படி?
— வாசகர், கல்லடி

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். ஹார்ப் 1960இல் கின்னஸ் நிறுவனம் டன்டோக் நகரிலிருந்த தன் ஆலையில் தொடங்கிய பியர். கறுப்பு ஸ்டவுட் பியருக்குப் பேர்போன நாட்டில், ஐரோப்பிய லாகரை விரும்பத் தொடங்கியிருந்தவர்களுக்காக வந்த வெளிர்பொன் நிறச் சரக்கு. வேலை முடிந்து வந்தவர் இரண்டு கிளாஸ் குடித்துக் கதைத்துவிட்டு எழும்பிப் போவதற்கான அன்றாடப் பியர் அது. அதில் பழவாசனையையோ, பியருக்குக் கசப்புத் தரும் ஹொப்ஸின் பூமணத்தையோ, கருக்கிய மொல்ட்டின் (முளைக்கவிட்டுக் காயவைத்த பார்லி) கனத்தையோ தேடுகிறவர் சோற்றுக்குள் புரியாணியைத் தேடுகிறார். அன்றாட லாகரிடம் கேட்க வேண்டியது, பிழையான மணம் ஏதும் இருக்கிறதா, மொல்ட்டின் மெல்லிய இனிப்பும் ஹொப்ஸின் கசப்பும் சமமாக நிற்கின்றனவா, விழுங்கியபின் வாய் சுத்தமாகிறதா என்பதுதான்.

மீதி நாலு போத்தலையும் பிறிட்ஜில் ஒருநாள் நிமிர்த்தி வையுங்கள். பிறிட்ஜின் உள்ளே ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் இருக்கும். அந்தக் குளிரில் நாக்கும் மரத்துப்போகும், மணமும் எழும்பாது. ‘ஐஸ் கோல்ட்’ என்று விற்கப்படும் பியர் பலதில் குளிரே குறையை மூடுகிறது. வெளியே எடுத்து எட்டு, பத்து நிமிடம் விடுங்கள், எங்கள் ஊர்ச் சூட்டில் 7 பாகையளவுக்கு வந்துவிடும். போத்தலிலிருந்து நேரே குடித்தால் மூக்குக்கு வேலையே இல்லை, ஆகவே 300 மில்லிலீற்றர் கொள்ளும் தெளிவான கண்ணாடிக் கிளாஸ் வேண்டும். கிளாஸைச் சரித்துப் பிடித்து 150 மில்லிலீற்றரளவு ஊற்றுங்கள். கடைசிக் கால் பங்குக்கு நிமிர்த்தி நடுவில் விழவிட்டால் இரண்டு விரல் நுரை நிற்கும்.

முதலில் மணம். நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், ஆவியாகிப் பறக்கும் கந்தக மணங்கள் அரை நிமிடத்தில் போய்விடும். கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி ஒருமுறை சுழற்றி, கையை எடுத்துக் குறுகிய மூச்சாக மூன்று தரம் முகருங்கள். பாண், பிஸ்கட் போன்ற தானிய மணமும், மெல்லிய புல் அல்லது பூ மணமும் இருந்தால் நல்லது. தீக்குச்சி உரசியது போன்ற மிக மெல்லிய கந்தக வாசம் லாகர் ஈஸ்டின் சுபாவம், அதற்குப் புள்ளி வெட்ட வேண்டாம். அதன்பின் நிறம். கிளாஸுக்குப் பின்னால் பத்திரிகையைப் பிடித்தால் எழுத்து வாசிக்கக்கூடியதாகத் தெளிந்திருக்க வேண்டும்.

ஒரு மேசைக்கரண்டியளவு வாயில் எடுத்து நாக்கு முழுவதும் படவிட்டு விழுங்குங்கள். வைன் சுவைப்பவர்போலத் துப்பக்கூடாது, ஹொப்ஸின் கசப்பு முழுவதாகத் தெரிவது விழுங்கிய பிறகுதான். விழுங்கியதும் வாயை மூடி மூக்கால் மூச்சை விடுங்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்த மூச்சில்தான் வருகிறது. கசப்பு ஒருகணம் நின்று சுத்தமாக விலக வேண்டும். அடிநாக்கில் சுரசுரவென்று ஒட்டிக்கொண்டு நின்றால், அல்லது பாணி குடித்ததுபோல் இனிப்பு மட்டும் தங்கினால், அங்கே புள்ளி குறையும்.

இப்போது கிளாஸைப் பத்து நிமிடம் அப்படியே விட்டு, 12, 13 பாகைக்கு வந்தபின் மீண்டும் ஒரு வாய். பலர் செய்யாமல் விடுவது இதைத்தான். குளிர் ஒளித்து வைத்திருந்த குறை எல்லாம் இப்போது வெளியே வரும். சூடேறியும் சுத்தமாக நிற்கும் லாகர் கவனமாக வடிக்கப்பட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

புள்ளியிட விரும்பினால், அமெரிக்காவில் தொடங்கிப் பல நாடுகளில் நடுவர்களைப் பயிற்றும் பீ.ஜே.சீ.பி. அமைப்பின் 50 புள்ளித் தாள் போதும்: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு (வாயில் படும் கனமும் வாயுவும்) 5, மொத்த அபிப்பிராயம் 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள், அழகான லேபிளுக்கு அதுவும் கிடையாது. அந்தத் தாளில் 30 முதல் 37 வரை ‘மிக நன்று’. குறையில்லாத அன்றாட லாகர் அந்தப் படியில் உட்கார்ந்தால் அது நியாயமான தீர்ப்பு. 45 கொடுக்கிறவர் மச்சானின் மனம் நோகாமல் கொடுக்கிறார்.

ஹார்ப் போத்தலில் இருப்பது அயர்லாந்து அரசின் யாழ்ச் சின்னமா?
— வாசகர், காரைதீவு

யாழைப் பற்றிய கேள்வி, ‘யாழ் நூல்’ எழுதிய விபுலானந்தர் பிறந்த காரைதீவிலிருந்து வராமல் வேறெங்கிருந்து வரும்! டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலுள்ள ‘பிரியன் போரு’ என்னும் பழைய யாழை முன்மாதிரியாகக் கொண்டு கின்னஸ் 1862 முதல் தன் லேபிளில் யாழைப் போட்டுவருகிறது. 1876இல் அதைத் தன் வணிகக்குறியாகப் பதிவும் செய்துவிட்டது. அயர்லாந்து அரசு பின்னர் தனக்கு யாழைச் சின்னமாக்கியபோது எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது. ஹார்ப் லாகருக்குப் பெயர் வந்தது கின்னஸின் யாழிலிருந்து. டன்டோக்கில் அதை வடிப்பது 2013இல் நின்று, வேலை டப்ளினிலுள்ள கின்னஸின் செயின்ட் ஜேம்ஸ் கேட் ஆலைக்குப் போய்விட்டது.

கடற்கரை ஹோட்டலில் பார் வேலை. வெளிநாட்டு விருந்தினர் சிலர் பச்சைப் போத்தல் லாகரை முகர்ந்துவிட்டு ‘ஸ்கங்க்’ என்று திருப்பித் தருகிறார்கள். திகதி முடியவில்லை, பிறிட்ஜில்தான் இருந்தது. பிழை எங்கே? இன்னொன்று: சில கிளாஸில் நுரை உடனே செத்துவிடுகிறது.
— வாசகர், பாசிக்குடா

ஸ்கங்க் என்பது அமெரிக்கக் கண்டங்களில் வாழும், துர்நாற்றம் பீச்சும் ஒரு பிராணி. எங்கள் மூக்குக்கு விளங்கச் சொன்னால், றப்பர் தீய்ந்த மணத்தோடு கருக வறுத்த கோப்பி கலந்ததுபோல். இதற்குக் காரணம் வெளிச்சம். ஹொப்ஸின் கசப்புப் பொருளை நீல, ஊதாக் கதிர்கள் பியரிலுள்ள ரைபோஃபிளேவின் என்னும் விற்றமினின் துணையோடு உடைக்கின்றன. உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்து அந்த நாற்றப்பொருள் உருவாகிறது. மிக மிகச் சிறிய அளவே மூக்குக்குப் போதும். மண்ணிறக் கண்ணாடி அந்தக் கதிர்களில் பெரும்பங்கை மறிக்கும், பச்சை கொஞ்சம், நிறமற்றது அறவே இல்லை, ரின்னுக்குள் வெளிச்சமே புகாது. எனவே பச்சைப் போத்தல் பிறிட்ஜில் இருந்தது சரி, ஆனால் கண்ணாடிக் கதவும் பகலிரவாக எரியும் விளக்கும் உள்ள காட்சிப் பிறிட்ஜா என்று பாருங்கள். அப்படியானால் முன்வரிசைப் போத்தல்கள்தான் திரும்பி வந்திருக்கும். பச்சைப் போத்தலை அட்டைப்பெட்டிக்குள் வைத்தோ, கதவு மூடிய பிறிட்ஜிலோ குளிரூட்டுங்கள். முன்வரிசைக்கு ரின்னையும் மண்ணிறப் போத்தலையும் விடுங்கள்.

ஆனால் மண்ணிறப் போத்தல் காப்பது மூடி திறக்கும்வரைதான். மணலில் கதிரை போட்டு நடுப்பகல் வெயிலில் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தால், எந்த நல்ல லாகரும் சில நிமிடத்தில் அந்த மணத்துக்கு வந்துவிடும். குடைக்குக் கீழே கொடுங்கள், அல்லது சிறிய கிளாஸாகக் கொடுங்கள். தேசிக்காய்த் துண்டு செருகிக் கொடுக்கும் வழக்கம் மணத்தை மறைக்கும், பியரைத் திருத்தாது.

நுரை சாவதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய்ப்பசை. மீன்கறியும் தேங்காய்ப்பால் குழம்பும் பட்ட கோப்பைகளோடு ஒரே தொட்டியில், ஒரே பஞ்சால் பியர்க் கிளாஸையும் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புப் படலம் ஒட்டிக்கொள்ளும். பால் ஊற்றிய கிளாஸும், உதட்டுச்சாயம் பட்ட விளிம்பும் அப்படியே. பியர்க் கிளாஸுக்குத் தனிப் பஞ்சு வையுங்கள். அப்பச்சோடாவைத் தொட்டு உள்ளே தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டுமுறை அலசி, துவாயால் துடைக்காமல் காற்றுப் புகும் தட்டில் கவிழ்த்து வையுங்கள். சோதித்துப் பார்க்க, ஈரக் கிளாஸுக்குள் தூள் உப்பைத் தூவுங்கள். எங்கே உப்பு ஒட்டாமல் விழுகிறதோ அங்கே எண்ணெய் இருக்கிறது. ஊற்றிய பியரில் கிளாஸின் சுவரோடு குமிழ்கள் ஒட்டி நின்றாலும் அதே அர்த்தம். சுத்தமான கிளாஸில் ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு நுரை வளையம் சுவரில் பதிந்துகொண்டே இறங்கும்.

ஒரு லாகரில் அவித்த சோளன் மணம், இன்னொன்றில் பட்டர்ஸ்கொச் ரொபி மணம். இரண்டும் வெவ்வேறு வெளிநாட்டுச் சரக்கு. யாரைக் குறை சொல்வது?
— வாசகர், களுவாஞ்சிகுடி

சோளனை ஆலைக்காரரிடம் எழுதுங்கள். அந்த மணத்துக்கு டைமீதைல் சல்பைட் என்று பெயர். மொல்ட்டிலுள்ள ஒரு பொருள் சூட்டில் மாறி அது உண்டாகிறது. மூடியில்லாமல் ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் நன்றாகக் கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். கொதி குறைந்தாலும், கொதித்தபின் ஆற எடுக்கும் நேரம் நீண்டாலும் தங்கிவிடும். வெளிர் லாகரில் ஒரு துளி மணம் இருப்பதைச் சில நாட்டு மரபுகள் ஏற்கும். கிளாஸை மூக்குக்குக் கொண்டுவரும்போதே சோளன் என்று சொல்லவைத்தால் அது குறை. வழக்கை இன்னும் சிக்கலாக்க, சிலவகைப் பற்றீரியாத் தொற்றும் இதே மணத்தைத் தரும், அப்போது கூடவே புளிப்பும் கலங்கலும் இருக்கும்.

ரொபி மணம் டையசெற்றைல். அதில் தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். நொதிக்கும்போது ஈஸ்ட் வெளிவிடும் ஒரு பொருள் மெல்ல டையசெற்றைலாக மாறும், பின் அதே ஈஸ்ட் அதைத் திரும்பத் தின்றுவிடும். லாகரை 8 முதல் 13 பாகையில் நொதிக்க வைப்பதால் இந்தத் தின்னல் மந்தமாக நடக்கும். அதற்காகத்தான் நொதிப்பு முடிகிற நேரம் இரண்டு மூன்று நாள் 15 முதல் 18 பாகைக்கு உயர்த்திவிட்டு, பிறகு உறைநிலைக்குக் கிட்டக் கொண்டுபோய் வாரக்கணக்கில் ஆறவிடுகிறார்கள். அவசரப்பட்டு முந்திக் குளிரவைத்தால் மாறாத பொருள் போத்தலுக்குள் போய்விடும். ஈஸ்ட் வடித்தெடுக்கப்பட்ட அந்தப் போத்தல் எங்கள் ஊர்ச் சூட்டில் நின்றால் உள்ளேயே மாறும், தின்பதற்கு யாரும் இல்லை. ஆக விதை ஆலையில், முளைப்பு வெயிலில்.

குழாயில் பிடித்த பியர் என்றால் கதை வேறு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவாத குழாயில் வளரும் பற்றீரியாவும் டையசெற்றைல் செய்யும். அதே பியரைப் போத்தலில் வாங்கிப் பக்கத்தில் வைத்துச் சுவையுங்கள். போத்தல் சுத்தமாகவும் குழாய்ப் பியர் ரொபியாகவும் இருந்தால் குற்றவாளி குழாய்.

மூக்கைப் பழக்க ஒரு வழி: குறையில்லாத லாகர் 200 மில்லிலீற்றருக்கு, சோளன் அவித்த தண்ணீர் ஒரு தேக்கரண்டி விட்டு, விடாத கிளாஸோடு மாறிமாறி முகருங்கள். இன்னொரு கிளாஸைப் பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் பாசிக்குடாக்காரரின் ஸ்கங்க் கிடைக்கும். பச்சை அப்பிள் அல்லது வெட்டிய பச்சைப் பூசணி மணம் எங்காவது வந்தால் அது அசற்றல்டிகைட், பியர் முதிருமுன் போத்தலில் அடைத்ததன் அடையாளம்.

இரண்டு கேஸ் லாகரைத் தகரக் கூரை ஸ்ரோர் அறையில் வைத்திருந்தேன். திகதிக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தும் நனைந்த மட்டைப்பெட்டி மாதிரி ஒரு சுவை. போலிச் சரக்கா?
— வாசகர், ஆரையம்பதி

போலி அல்ல, பழசு. போத்தலுக்குள் தப்பியிருக்கும் சிறிதளவு ஒட்சிசனும் சூடும் சேர்ந்து செய்த வேலை அது. மட்டைச் சுவைக்கு முதன்மைக் காரணம் நொனெனல் என்னும் பொருள். திகதி அச்சடிக்கும்போது ஆலைக்காரர் மனதில் இருப்பது டப்ளினின் குளிர், ஆரையம்பதியின் தகரக் கூரையல்ல. பியர்த் தொழிலில் ஒரு வாய்க்கணக்கு உண்டு, 3–30–300 என்று: ஏறத்தாழ 32 பாகையில் 3 நாள், 22 பாகையில் 30 நாள், 3 பாகையில் 300 நாள், மூன்றும் பியரை ஒரேயளவு கிழடாக்கும். துல்லியமான சட்டம் இல்லை, ஆனால் சித்திரை வெயிலில் உங்கள் ஸ்ரோரில் ஒரு மாதம் என்றால் என்ன நடந்திருக்கும் என்று விளங்கும்.

இடமில்லாவிட்டால் குறைவாக வாங்குங்கள். ஒருமுறை குளிரவைத்ததை மீண்டும் வெளியே எடுத்தால் கெட்டுவிடும் என்பது வெறும் பேச்சு. சூட்டில் மொத்தம் எத்தனை நாள் நின்றது என்பதே கணக்கு. கல்லடி வாசகரும் இதைக் கவனிக்க வேண்டும்: பயணப்பெட்டியில் வந்த போத்தல் வீட்டு அலுமாரிக்குள் மூன்று வாரம் கிடந்திருந்தால், அவர் புள்ளி போடுவது ஹார்ப்புக்கு அல்ல, அலுமாரிக்கு.

ஃப்ரீசரில் மறந்த போத்தல் வெடிக்கவில்லை, உறைந்து மட்டும் இருக்கிறது. பாவிக்கலாமா?
— வாசகர், செங்கலடி

கண்ணாடியில் மயிர்வெடிப்பு இருந்தால் எறிந்துவிடுங்கள். இல்லையென்றால் குடிக்கலாம், மதிப்பிட முடியாது. 5 வீதப் பியர் பூச்சியத்துக்கு ஏறத்தாழ 2 பாகை கீழே உறையும். உருகியபின் புரதம் திரிதிரியாகப் பிரியும், வாயுவும் குறைந்துவிடும். அவசரத்துக்கு வாளியில் பாதி ஐஸ், போத்தலின் கழுத்துவரை தண்ணீர், இரண்டு கைப்பிடி உப்பு போட்டு இடைக்கிடை சுழற்றுங்கள், 15 நிமிடத்தில் குளிர்ந்துவிடும். தண்ணீர் விடாத வெறும் ஐஸ் போத்தலில் அங்கங்கேதான் தொடும், அதனால் பிந்தும்.

தென்னங்கள்ளு குடித்துப் பழகிய நாக்கு லாகரை மதிப்பிடுமா?
— வாசகர், திருக்கோவில்

புளிப்பைக் கண்டுபிடிப்பதில் மற்றவர்களைவிட நன்றாகவே மதிப்பிடும். முட்டி மரத்தில் இருக்கும்போதே காற்றிலுள்ள ஈஸ்டும் பற்றீரியாவும் கள்ளுக்குள் வேலையைத் தொடங்கிவிடும். காலைக் கள்ளின் இதமான புளிப்பும் மாலைக் கள்ளின் கடும் புளிப்பும் அவற்றின் கை. தவறணையில் அது குணம். தேர்ந்தெடுத்த ஒரே ஈஸ்டைத் தவிர வேறொன்றும் தொடக்கூடாத லாகரில் அதே புளிப்பு தொற்று. ஒரு சிக்கல் உண்டு: கள்ளின் இனிப்புக்கும் வாயில் தெரியும் கனத்துக்கும் பழகியவருக்கு எந்த லாகரும் தண்ணீராகத் தோன்றும். அதற்காகப் புள்ளி வெட்டாதீர்கள்.

சுவைக்கும்போது பக்கத்தில் டெவல் இறாலையும் வைக்க வேண்டாம். வாயுவும் மதுசாரமும் மிளகாயின் எரிவை ஏற்றும், எரிந்த நாக்குக்குக் கசப்பு விளங்காது. உப்பில்லாத பிஸ்கட்டும் தண்ணீரும் போதும். புள்ளி எழுதி முடித்தபின் வாவி இறாலுக்குத் தடையில்லை, பொரித்த கணவாய் இன்னும் பொருந்தும்.

எங்கள் லயன் லாகருக்கும் ஐரிஷ் லாகருக்கும் வித்தியாசமே இல்லை என்று நண்பர் பந்தயம் பிடிக்கிறார். எப்படித் தீர்ப்பது?
— வாசகர், அறுகம்பே

எது நல்லது என்று கேட்டால் விடியும்வரை சண்டை நடக்கும். வித்தியாசம் தெரிகிறதா என்று மட்டும் கேளுங்கள். ஆளுக்கு மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பியர், ஒன்றில் மற்றது. ஒற்றையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு பேரைப் பிடியுங்கள், இரண்டு பியரை மூன்று கிளாஸில் இப்படி அடுக்க ஆறு ஒழுங்குதான் உண்டு, ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கலாம். கிளாஸுக்கு ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டால் ஆட்கள் முதலாவதை நோக்கிச் சாய்வார்கள், ஆகவே 417, 862 போல அர்த்தமில்லாத மூன்று இலக்கம் எழுதுங்கள். ஊற்றுபவர் சுவைப்பவருக்கு முன்னால் நிற்கக்கூடாது. இரண்டும் ஒரே குளிரில், ஒரேயளவு நுரையோடு இருக்கட்டும். நிறம் காட்டிக்கொடுக்காமல் கிளாஸைக் கடதாசியால் சுற்றிவிடுங்கள்.

கண்ணை மூடிக் குத்தினாலும் மூன்றில் ஒருமுறை சரிவரும். ஆறு பேரில் குறைந்தது நாலு பேர் சரியாகச் சொல்வது வெறும் அதிர்ஷ்டத்தால் பத்துக்கு ஒருமுறை நடக்கக்கூடியது, அதை நம்பிப் பந்தயக் காசைக் கொடுக்காதீர்கள். ஐந்து பேர் சரியென்றால் அதிர்ஷ்டத்தின் பங்கு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு, நண்பர் தோற்றார். லேபிளில் மதுசார வீதத்தையும் முதலில் ஒப்பிடுங்கள். லயன் லாகர் 4.8 வீதம். ஹார்ப் விற்கும் நாட்டைப் பொறுத்து மாறும். ஒரு வீத இடைவெளி இருந்தால் தொண்டையில் படும் சூட்டை வைத்தே ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், அது சுவைச் சோதனையாகாது. ஆறு பேருக்கும் ஆளுக்கு 50 மில்லிலீற்றர் மூன்று கிளாஸ், மொத்தம் 900 மில்லிலீற்றர். போயா நாளுக்கு வைத்தால் கடை பூட்டியிருக்கும், முதல்நாளே வாங்குங்கள்.

330 மில்லிலீற்றர் போத்தலில் உண்மையில் எவ்வளவு மதுசாரம்?
— வாசகர், வாழைச்சேனை

மில்லிலீற்றரை வீதத்தால் பெருக்கி நூறால் வகுத்து, 0.789ஆல் பெருக்குங்கள். 4.3 வீதம் என்றால் ஏறத்தாழ 11 கிராம், 5 வீதம் என்றால் 13 கிராம். உள்ளூரின் 625 மில்லிலீற்றர்ப் பெரிய போத்தல் 4.8 வீதத்தில் ஏறத்தாழ 24 கிராம், அதாவது ஐரிஷ்காரரின் சின்னப் போத்தல் இரண்டுக்குக் கிட்ட. மோட்டார்சைக்கிள் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.